மூன்றாவது லீக்ஸ்

எங்கள் பக்கத்து வீட்டு க்வென்னுக்கு மூன்று பிள்ளைகள் என்று நாங்கள் வந்து குடியேறிய டார்னெய்ட்டில் எங்கள் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. விடிந்தால் பின்வளவில் நின்று, "நிமிர்ந்து நில்லு செல்லம், உன்ர தங்கச்சியைப் பார்" என்று ஆங்கிலத்தில் அவர் கொஞ்சுவது தெருமுனை வரைக்கும் கேட்கும். அவை பிள்ளைகளும் இல்லை, பூனைகளும் இல்லை. மூன்று லீக்ஸ். வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்குமே, அதுதான்.

க்வென் வேல்ஸ் நாட்டில் மலையடிவாரப் பண்ணையொன்றில் பிறந்தவர். இங்கே வந்து முப்பது வருடம் ஆனாலும் வீட்டுக்குள்ளே இன்னும் அந்தப் பண்ணைதான். குசினியில் தோசைக்கல் போல ஒரு கனத்த இரும்புக்கல். அதில் முந்திரிகை வற்றல் போட்ட குட்டிக் குட்டி ரொட்டி சுடுவார். கை சும்மா இருந்தால் கம்பளி பின்னுவார். அவருடைய கோழிகளில் ஒன்றுக்கும் சிவப்புச் சட்டை பின்னிப் போட்டிருக்கிறார்.

ஆனால் உயிர் லீக்ஸில்தான். ஒவ்வொரு மார்ச் முதலாம் திகதியும் வேல்ஸ்காரர் தங்கள் புனிதர் தாவீதின் திருநாளுக்கு மண்டபத்தில் கூடி லீக்ஸ் போட்டி வைப்பார்கள். ஒரே பருமனில் மூன்று கொண்டுபோக வேண்டும். நான்கு வருடமாகக் கோப்பை எம்ரிஸ் என்ற கிழவருக்குத்தான். ஒவ்வொரு முறையும் அவர், "க்வென், அடுத்த வருசம் வெங்காயம் போட்டுப் பாரன்" என்று சொல்லிவிட்டுப் போவாராம். அந்தச் சொல்தான் க்வென்னைத் தின்றுகொண்டிருந்தது.

இந்த முறை மூன்றும் என் மணிக்கட்டைவிடத் தடிப்பு. போட்டிக்கு நான்கு நாள் இருக்க, க்வென்னுக்குப் பலராட்டில் இருக்கும் மகளிடம் போக வேண்டி வந்தது.

"தண்ணி மட்டும் ஊத்து பேர்ள். வேறொண்டும் செய்யாதை."

"நீ பயப்பிடாமல் போட்டு வா" என்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதை. முடித்துவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தால் கறிவேப்பிலையும் தேங்காய்ப்பாலும் மணக்கிறது. என் மனுசன் அலோசியஸ் மீனில்லாமல் சோறு இறங்காத மன்னார்க்காரர். தவக்காலத்துக்கு மீனை விட்டு அன்று பத்தாம் நாள். முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்த மனுசன், அகப்பையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னப்பா சமைச்சனீங்கள்?"

"லீக்ஸ் பால்கறி! லீக்ஸ் விளையிற நுவரெலியாவிலயும் இப்பிடி ஒண்டு காணேலாது. ஒரு தண்டிலயே சட்டி நிறைஞ்சிட்டுது."

"எந்த லீக்ஸ்?"

"க்வென்ர. மூண்டு நிண்டது, ஒண்டை எடுத்தனான். போன கிழமை நாங்கள் கத்தரிக்காய் குடுத்தனாங்கள்தானே?"

"என்ர மாதாவே!" கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். "அது போட்டிக்கப்பா! நாளையிண்டைக்கு! மூண்டும் ஒரே அளவா நிக்க வேணும்!"

"அப்ப முதலே சொல்லியிருக்கலாமே?"

இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் நான் வேறென்ன சொன்னேன்?

இவர் கொஞ்சம் யோசித்தார். "மற்ற ரெண்டையும் வெட்டினா எல்லாம் ஒரே அளவுதானே?"

அகப்பையைப் பறித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் மிச்சமிருந்த ஒன்றின் இடுப்பை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு கடை கடையாகத் தேடக் கிளம்பினோம். நான்காவது கடை பொயிண்ட் குக்கில். அங்கே வேலை செய்யும் லக்ஷ்மிப்ரியா கோயம்புத்தூர்ப் பிள்ளை. நான் ஒவ்வொரு லீக்ஸாக நூலைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, என்ன பண்றீங்க? இதுக்கு பிளவுஸ் தைக்கப் போறீங்களா?"

"இந்த நூல் அளவுக்கு ஒண்டு வேணும் பிள்ளை."

"இந்த அளவுக்கா? அப்போ வாழை மரம்தான் பாக்கணும்!"

கடை லீக்ஸை நூல் இரண்டு சுற்றுச் சுற்றியது.

"மூண்டைச் சேர்த்துக் கட்டினா?" என்றார் இவர். நான் பார்த்த பார்வையில் அரிசி மூட்டைப் பக்கம் போய்விட்டார்.

மத்தியானம் க்வென்னின் கார் வந்தது. ஒளித்துப் பயனில்லை என்று படலையடியிலேயே போய் நின்றேன். அவர் நேரே பின்வளவுக்குப் போய், வெறும் குழியைப் பார்த்தார். முகம் காது நுனி வரை சிவந்துபோனது.

"எம்ரிஸ் வந்தவனா?"

"இல்லை. என்ர மனுசன்."

"இப்ப எங்க அது?"

"ஃப்ரிட்ஜில. பாதிதான் மிச்சம்."

விறுவிறென்று எங்கள் குசினிக்கு வந்து கதிரையில் இருந்தார். கறியைச் சூடாக்கிக் கொடுத்தேன். ஒரு கரண்டி. பிறகு இன்னொன்று. பிறகு, "சோறு இருக்கா?" என்றார்.

"பதினேழு வருசமா வளக்கிறன் பேர்ள். ஒண்டைக்கூட வெட்டிச் சாப்பிட எனக்கு மனம் வந்ததில்லை." என்னையும் பார்த்தார், கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற இவரையும் பார்த்தார். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் மூன்று மூன்றாக லீக்ஸ். க்வென்னுடைய இடத்தில் இரண்டு லீக்ஸ், பக்கத்தில் எங்கள் கறிச்சட்டி. அட்டையில் க்வென் தன் கையாலேயே எழுதியிருந்தார்: "மூன்றாவது, சமைத்த நிலையில்."

நடுவர் இரண்டையும் அளந்தார். எம்ரிஸுடையதைவிட ஒரு விரல் பருமன் கூட! ஆனால் இரண்டு மூன்றாகாதே. கோப்பை ஐந்தாம் முறையும் எம்ரிஸுக்கே போனது. க்வென்னின் முகம் ஒரு கணம் விழுந்துபோனது.

எம்ரிஸ் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். "க்வென், அடுத்த வருசம் வெங்காயம்..." அதோடு நின்றுவிட்டது. மூக்கு சட்டிப் பக்கம் திரும்பியது. ஒரு கரண்டி எடுத்தார். இரண்டு. மூன்று.

"இதுக்குள்ள என்ன போட்டிருக்கு?"

க்வென் டக்கென்று மூடியைப் போட்டார். "உன்ர விதையைத் தா, சொல்லுறன்."

தகப்பன் காலத்திலிருந்து எம்ரிஸ் ஒருவருக்கும் கொடுக்காத விதை அது. கோப்பையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

"சோறோட சாப்பிட்டா இன்னும் திறம்" என்றார் அலோசியஸ்.

அதோடு எம்ரிஸின் பிடிவாதம் சரிந்தது. புதன்கிழமை க்வென்னின் தபால் பெட்டிக்குள் ஓர் உறை. உள்ளே கறுப்பு விதைகள்.

இப்போது ஆறு நாற்று நிற்கிறது. சுற்றி வேலி போட்டு, என்னைக் கொண்டு தமிழில் ஒரு பலகையும் எழுதுவித்திருக்கிறார் க்வென்: "அலோசியஸ், இது கறிக்கில்லை."

இவர் நேற்றுப் பலகையை வாசித்துவிட்டு, நாற்றுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார்.

"இஞ்சரும் பேர்ள், போட்டிக்கு மூண்டுதானே வேணும்?"