தூசிக்கு வெல்லம்

நாலு மணிச் சங்கு ஊதியதும் கோதண்டம் வெல்லத் தட்டோடு வருவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஃபவுண்டரி தொடங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம். மணல் சலிக்கிற பெண்களுக்கும், இரும்பு வார்ப்புகளின் மேல் மணலடித்துச் சுத்தம் செய்கிற பிளாஸ்டிங் ஆட்களுக்கும் ஆளுக்கொரு அச்சு வெல்லம். தின்றால் தொண்டையில் படிந்த தூசி வயிற்றுக்குள் இறங்கி, காலையில் வெளியே போய்விடுமாம். சூப்பர்வைசர் என்றாலும் கோதண்டம் அதைப் பிரசாதம் மாதிரி வலது கையால் எடுத்துக் கொடுப்பார்.

நாகவல்லி சல்லடையைச் சாய்த்து வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். புருவத்தில் மணல், காது மடலில் மணல். வாங்கிய வெல்லத்தை வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டில் புருஷன் அழகேசனுக்கு வேண்டும். இதே கம்பெனியின் பிளாஸ்டிங் ரூமில் பதினோரு வருஷம் நின்றவன், இப்போது குழாயடி வரை நடந்தாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறான்.

கம்பெனி டாக்டர் டி.பி. என்றார். அழகேசன் ஒரு வேளை தவறாமல் மாத்திரை முழுங்கினான். மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்றார்கள். "அப்ப பீடி குடிச்சிருப்பே" என்றார் கம்பெனி டாக்டர். பீடியைக் கையால் தொட்டறியாத மனுஷனைப் பார்த்து அப்படிச் சொன்னதுதான் நாகவல்லிக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுக்கு எப்போதும் உடும்புப் பிடி. என்ன நோய் என்று தெரியாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

வேலை முடிந்து வீடு திரும்பும்போது, திருநின்றவூர் ரயிலில் கதவோரம் சாய்ந்துகொண்டு, போனை வாய்க்கருகே வைத்துக் கேட்டாள். "மணல் தூசில வேலை செஞ்சா நெஞ்சுல இன்னா நோவு வரும்?"

பக்கத்தில் நின்றவள் சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். போன் முதலில் கஷாயம் விற்றது, பிறகு லேகியம் விற்றது. அதையெல்லாம் தள்ளிக்கொண்டே போனதில், டாக்டர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து தமிழில் எழுதிப் போட்டிருந்த ஒரு பக்கம் கிடைத்தது. அடிவரை தள்ளிப் பார்த்தாள். எதையும் வாங்கச் சொல்லவில்லை. அதனாலேயே அதை நம்பினாள்.

எட்டாவதோடு நின்ற படிப்புதான். எழுத்துக் கூட்டிப் படித்தாள். நுரையீரலில் மணல் தூசி படிந்து வருகிற நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். எக்ஸ்ரேயில் டி.பி. மாதிரியே தெரியலாம் என்று போட்டிருந்தது. 'நீங்கள் எந்தத் தூசியில், எத்தனை காலம் வேலை செய்தீர்கள் என்று மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்' என்ற வரியை மறுபடி மறுபடி படித்தாள். நெமிலிச்சேரி ஸ்டேஷன் போனதே தெரியவில்லை.

போகிற ஆஸ்பத்திரியிலெல்லாம் கேட்டார்கள்தான், "என்ன வேலை?" என்று. அழகேசனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கம்பெனி வேலை சார்" என்பான். செம்பரம்பாக்கத்தில் அவன் அப்பனும் பாட்டனும் அடுத்தவர் கழனியில் அறுத்தவர்கள். அந்த வீட்டில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவன். கம்பெனி வேலை என்று சொன்ன பிறகு வேறென்ன சொல்ல வேண்டும்? பெருமையில் அவளும் பக்கத்திலேயே தலையாட்டியிருக்கிறாள். மணல் என்ற ஒரு சொல்லை இரண்டு பேரும் சொன்னதில்லை. கம்பெனி டாக்டருக்குச் சொல்லாமலே தெரியும். வெளி டாக்டருக்கு யார் சொன்னது?

வீட்டுக்குப் போனதும் போனை அவன் முன்னால் நீட்டினாள். அவன் வெல்லத்தைக் கடித்துக்கொண்டே பார்த்தான்.

"தூசி எப்டி உள்ள நிக்கும்? அதான் டெய்லி வெல்லம் துன்னேனே."

"இந்தப் படத்தப் பாருய்யா. சோறு போறது ஒரு கொயா, மூச்சு போறது இன்னொரு கொயா. வெல்லம் இப்டிக்கா போச்சு. மணலு அப்டிக்கா போச்சு."

அழகேசன் படத்தையே பார்த்தான். கையிலிருந்த பாதி வெல்லத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டில் வைத்தான்.

"கொணமாவும்னு போட்டுக்கீதா?"

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆவாதுன்னுதான் போட்டுக்கீது. ஆனா இன்னா நோவுன்னு தெரிஞ்சா மூச்சுக்கு வைத்தியம் கீது, கம்பெனிகிட்ட நஷ்ட ஈடும் கேக்கலாமாம். பீடி குடிச்சவன்ற பேரு உனுக்கு வாணாம்யா."

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் இளவயதுப் பெண். "என்ன வேலை?" என்றாள்.

"கம்பெனி வேல மேடம்." பழக்க தோஷம்.

"நீ கம்முனு இரு" என்று அவன் தோளை அழுத்தினாள் நாகவல்லி. "பிளாஸ்டிங் ரூம்ல மணலடிக்கிற வேல மேடம். பதினோரு வருசம். மூஞ்சிக்குத் துணிதான் கட்டுவாரு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவர்கள் கொண்டுபோன எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். ஸ்கேன் வந்த பிறகு பெயரையும் அவளே சொன்னாள்: சிலிக்கோசிஸ். "நஷ்ட ஈடு கேக்கணும்னா, மணல் வேலை பார்த்தார்னு கம்பெனியில எழுதி வாங்குங்க. தரலைன்னா, கூட வேலை செஞ்சவங்க லேபர் அதிகாரி முன்னால வந்து சொல்லட்டும்."

கம்பெனியில் நாகவல்லி அந்தக் கடிதத்தைக் கேட்டதும், கோதண்டம் ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அயகேசன் காண்ட்ராக்ட்டு ஹெல்ப்பராம். பிளாஸ்டிங் பக்கமே போனதில்லன்றாங்கோ."

"நீ தெனம் அவரு கையில வெல்லம் குட்தியேண்ணே. அங்க போவாதவருக்கு இன்னாத்துக்குக் குட்தே?"

"போனப் பாத்து டாக்டரு ஆயிட்டியா? போய் வேலயப் பாரும்மா" என்று நகர்ந்தார்.

அவள் வேலையைத்தான் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் மணல் சலிக்கிற பெண்களை உட்கார வைத்து அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தாள். இரண்டு குழாய்ப் படம் கை மாறிக் கை மாறிப் போனது. பத்மா தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "நானு வந்து சொல்றேங்கா. அண்ணன் அங்க நின்னத நானு பாத்துக்கீறேன்" என்றாள். இன்னும் மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். பிளாஸ்டிங் ரூமிலிருந்து ஒருத்தன் வாசல்வரை வந்து கேட்டுவிட்டு, முகத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

அன்றைக்கு நாலு மணிச் சங்குக்குக் கோதண்டம் தட்டோடு வந்தபோது ஒருத்தியும் கை நீட்டவில்லை.

"வாணாம்ண்ணே. எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லு, நல்ல மாஸ்க்கு குடு" என்றாள் நாகவல்லி.

கோதண்டம் மறுபடி ஆபீசுக்குப் போனார். அவர் திரும்பி வரும்போது நாலைந்து பேராவது மனசு மாறிக் கை நீட்டுவார்களோ என்று நாகவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தியும் இடத்தை விட்டு அசையவில்லை. திரும்பி வந்த கோதண்டத்தின் தட்டில் வெல்லம் குவியலாக இருந்தது.

"மொதலாளி சொல்லிட்டாரு. இன்னிலேர்ந்து ஆளுக்கு ரெண்டு."

அவர் தட்டைச் சல்லடைப் பக்கத்து மேடையில் வைத்தார். பிளாஸ்டிங் ரூம் கதவு திறந்து மூடியது. வெல்லத்தின் மேல் சாம்பல் நிறத்தில் தூசி இறங்கியது. குனிந்து அதை வாயால் ஊதினார் கோதண்டம். ஊதிய மூச்சு பாதியிலேயே அறுந்து இருமல் பிடித்துக்கொண்டது. மேடையைப் பிடித்துக்கொண்டு, தோள்கள் குலுங்க, விட்டு விட்டு இருமினார். வீட்டில் தினமும் கேட்கிற அந்த இருமலை நாகவல்லிக்குத் தெரியாதா?

"அண்ணே" என்று எழுந்தாள்.

அவர் வேண்டாம் என்று கையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டிலிருந்து ஒரு அச்சு வெல்லத்தை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார்.