தொடாத சொஜ்ஜியும் காலை இடியாப்பமும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர், தன் அம்மாவின் வார் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, ஊக்கு ஒன்றால் வாரைக் கோத்து, அம்மாவின் காலில் மாட்டிவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்தார். அவ்வளவுதான், எனக்கு அங்கேயே முடிந்துபோயிற்று. கட்டினால் இவரைத்தான். அவர் இன்னும் என் முகத்தையே பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

அது எண்பத்தாறாம் வருஷத்துத் தை மாதம். அவர் பெயர் சீனுவாசன், விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க். ரயில்வே உத்தியோகம் என்றதும் எங்கள் அப்பா அப்பாதுரைக்குத் தலைகால் புரியவில்லை.

"ரயில்வேக்காரருக்கு பஜ்ஜி போட்டா மரியாதையா இருக்குமா? பேக்கரி அயிட்டமா வெப்போம்" என்று திண்டிவனம் பஜாருக்குப் போய் பப்ஸும் பிஸ்கட்டும் பெட்டி நிறைய வாங்கி வந்துவிட்டார். அம்மா கெங்கம்மாள் தன் பங்குக்கு நெய் சொட்டச் சொட்ட ரவா சொஜ்ஜி கிண்டினாள்.

"இன்னொண்ணும் சொல்லிட்டேன்" என்றார் அப்பா. "நிச்சயம் ஆவற வரைக்கும் எவளும் மாப்ளன்னு வாயைத் தொறக்கக் கூடாது."

காரணம் இருந்தது. முன்னே வந்த இரண்டு இடத்துக்காரர்களையும் அம்மா வாய் நிறைய அப்படித்தான் கூப்பிட்டாள். இரண்டு பேரும், "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிப் போனவர்கள்தான். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம் என்பது ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. லெட்டரை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்பார். அவரைக் கண்டாலே தபால்காரர் சைக்கிளை வேகமாக மிதித்துவிடுவார்.

தட்டை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். சீனுவாசன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அடுத்துத் தட்டைப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"சாப்பிடுங்க" என்றார் அப்பா.

"இப்பதாங்க சாப்பிட்டேன்."

"ஒரு வாய் சொஜ்ஜி?"

"வயிறு நெறைஞ்சிருக்குங்க."

"பப்ஸாவது?"

அவர் அம்மா கோவிந்தம்மாள் தரையைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. தட்டைத் தொடவில்லை என்றால் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அதையும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கோவிந்தம்மாள் எழுந்தே விட்டார்.

"அப்ப நாங்க கெளம்பறோம். ஊருக்குப் போய்..."

"லெட்டர் போடாதீங்க!" என்றேன் நான்.

கத்திவிட்டேன் என்பதே அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சரி, கத்தியாகிவிட்டது, முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு? நேராகப் போய் சீனுவாசன் முன்னால் நின்றேன்.

"என்னைப் புடிக்கலைன்னா சொல்லிட்டுப் போங்க. எங்க அம்மா காலையிலேர்ந்து கிண்டின சொஜ்ஜி இன்னா பாவம் பண்ணிச்சு?"

"பாஞ்சாலி!" என்று அம்மா உள்ளேயிருந்து அலறினாள்.

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். "சொல்லிடறேம்மா. இதோட பத்து வூடு ஆச்சு" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எனக்குக் கோதுமை ஆவாதுங்க. தின்னா குடல் ஏத்துக்காது, நாலு நாள் படுத்துடுவேன். ஆயுசுக்கும் தொடக் கூடாதுன்னு பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிட்டாரு. வெளியில சொன்னா சீக்காளின்னு பேராயிடும்னு அம்மாவுக்கு பயம்."

"கோதுமை எங்க தம்பி இருக்குது?" அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "இது ரவை. அது மைதா."

"ரெண்டும் கோதுமையிலேர்ந்துதாங்க வருது."

அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கும்தான், ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

"சீக்கா?" என்றார் அப்பா, இழுத்தாற்போல. அந்த இழுப்பு எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் இவர் கையெடுத்துக் கும்பிட்டு அவர்களை பஸ் ஏற்றிவிடுவார்.

"இன்னா சீக்கு?" என்று பாய்ந்தேன். "நம்ம வூட்டுல யாரு கோதுமை துன்றது? ரேஷன்ல போடற கோதுமையை மாட்டுக்குத்தானே ஊற வெச்சுப் போடறீங்க? ஏங்க, கால் மணி நேரம் உக்காருங்க. பட்டினியா யாரையும் இந்த வூட்டுலேர்ந்து அனுப்ப மாட்டோம்."

சமையலறைக்கு ஓடினேன். அங்கே போனபிறகுதான் என்ன சமைப்பது என்றே யோசித்தேன். கூடையில் கோஸ், கேரட், பீன்ஸ். மூடி வைத்த தட்டில் காலையில் மிஞ்சிய இடியாப்பம். சுத்தமான அரிசி மாவு, ஆறி உதிரி உதிரியாகக் கிடந்தது. எனக்குப் போன வருஷத்துப் பொருட்காட்சி ஞாபகம் வந்தது. அங்கே ஒருவன் நெருப்பு எகிற எகிற நூடுல்ஸ் வதக்கிப் பந்து மாதிரி தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அவன் செய்தால் நான் செய்ய மாட்டேனா?

"ஜல்தியா நறுக்கும்மா, தீக்குச்சி மாதிரி!"

இரும்பு வாணலியைக் கழுவித் துடைத்து அடுப்பில் ஏற்றினேன். விறகை நன்றாகத் தள்ளிவிட்டு, புகை வரும்வரை மல்லாட்டை எண்ணெயை, அதாவது கடலை எண்ணெயை, காயவிட்டேன். பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம். அப்புறம் பீன்ஸ், கேரட், கடைசியில் கோஸ். வேகக் கூடாது, கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். இடியாப்பத்தை உதிர்த்துப் போட்டு, உப்பும் மிளகுத் தூளும் தூவி, வாணலியைத் துணியோடு பிடித்து ஒரே தூக்கு!

பாதி வாணலிக்குத் திரும்பி வந்தது. மீதி அம்மாவின் கொண்டையில் போய் உட்கார்ந்தது.

"பேஜாரு புடிச்சவளே!" என்று அம்மா தலையைத் தட்டிக்கொண்டாள். கோபத்திலும் அவளுக்கு ஒரு கவலை. "கோஸு வாயு ஆச்சேடி, பெருங்காயம் போட்டியா?" என்று டப்பாவைத் திறந்து, இவ்வளவு தூளை விரலால் அள்ளினாள்.

"போடாதீங்க!"

சீனுவாசன் சமையலறைக்குள் நின்றிருந்தார். பெண் பார்க்க வந்தவர், எங்கள் சமையலறைக்குள்! எங்கள் அப்பாவுக்கே அந்த அறையில் எந்தப் பக்கம் அடுப்பு என்று தெரியாது.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார் மூச்சு வாங்க. "பெருங்காயத்துலயும் கோதுமை மாவு கலக்கறாங்க. ஒரு சிட்டிகையிலேயே ஒரு தடவை மாட்டிக்கினேன்."

அம்மா விரலைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். பாம்பைத் தொட்டதுபோல மூடி வைத்துவிட்டு, கை கழுவக் கொல்லைப்பக்கம் ஓடினாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்பும் மட்டும் நின்றோம்.

"ஒம்போது பொண்ணு பார்த்திருக்கீங்க" என்றேன் முறைப்பாக.

"எங்க பார்த்தேன்? தட்டைத்தான் பார்த்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். வறுத்த மல்லாட்டையை அம்மியில் பொடித்துத் தரச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் குந்திக்கொண்டு பொடித்தார். மேலே தூவி, எலுமிச்சை பிழிந்தேன்.

"எனக்குப் புடிச்சிருக்குங்க" என்றார் மெதுவாக.

"இன்னும் துன்னவே இல்லியே?"

"நான் அதைச் சொல்லலைங்க."

நான் மிளகுத் தூளை எடுத்து மறுபடியும் தூவினேன், கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது.

கூடத்தில் இலை போட்டுப் பரிமாறினேன். அவர் சாப்பிட்டார். தும்மிக்கொண்டே சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார். அப்புறம் இன்னும் கொஞ்சம். கோவிந்தம்மாள் தன் இலையைத் தொடாமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

"ஒரு வூட்டுலயும் என் புள்ள ரெண்டாவது வாட்டி கேட்டதில்லம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒரு லெட்டரும் போடப் போறதில்ல. இப்பவே கேக்கறேன், உன்னை எங்களுக்குக் குடுப்பாங்களா?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவரோ குனிந்த தலை நிமிராமல் தன் இலையை வழித்துக்கொண்டிருந்தார். கடைசி மல்லாட்டைத் துண்டையும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, விரலைச் சப்பி முடித்து, கொல்லைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய் கெங்கம்மா, ரேஷன் கோதுமை எவ்ளோ இருக்குது?"

"அரை மூட்டை இருக்கும். ஏன்?"

"எல்லாத்தையும் மாட்டுக்கே போட்டுடு. அந்தப் பெருங்காய டப்பாவையும் தூக்கிப் போடு. மாப்ள வந்து போற வூட்டுல அதெல்லாம் எதுக்கு?"