பன்னிரண்டில் ஆறு

பதினான்கு வருடம் கால்பந்தில் நடுக்களத்தில் ஆடியவன் நான். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள், தடுக்கிறவனைச் சுவர் என்பார்கள், நடுவில் நிற்கிறவனுக்குக் கழுத்துவலிதான் மிச்சம். பந்து காலுக்கு வருவதற்குள் இரண்டு முறையாவது திரும்பிப் பார்த்துவிட வேண்டும். மற்ற இருபத்தொரு பேரும் எங்கெங்கே நிற்கிறார்கள் என்பது என் தலைக்குள் இருக்கும். எனக்கு முதுகிலும் கண் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். நானும் நம்பிக்கொண்டேன்.

போன மாதம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினேன். ஏழு வருடமாகப் போகிற வழி. பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் இடமா வலமா என்று தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு கட்டடமாவது பார்த்த மாதிரி இருக்க வேண்டுமே! கடைசியில் பள்ளி வாட்ச்மேன் போனிலிருந்து மகள் தன் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். மனைவி அன்று கார் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் அணியில் பின்கள ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவரைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் 'பூட்டு' என்று கூப்பிடுவோம். வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளுவார். இப்போது வயது ஐம்பத்திரண்டு. அவர் மனைவி ஸ்பூனால் ஊட்டினால் வாயைத் திறக்கிறார், அது யார் என்று தெரியாமலே. நானும் என் மனைவியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

இன்று காலை ஆஸ்பத்திரியில், மனைவி பக்கத்திலிருக்க, டாக்டரம்மா எனக்குப் பன்னிரண்டு சொற்களைப் படித்துக்காட்டினார். பிறகு பத்து நிமிடம் வேறு கேள்விகள். பிறகு, "இப்ப அந்தப் பன்னிரண்டையும் சொல்லுங்க சார்" என்றார்.

"வாளி, குதிரை, ஊசி, பாலம்..." விரலை மடக்கினேன். "சீப்பு." உயிரைக் கொடுத்து யோசித்தேன். "மணி." அதற்கு மேல் ஒன்றுமில்லை. துடைத்துவைத்த பாத்திரம்.

டாக்டரம்மா என் பழைய கிளப்பிலிருந்து வரவழைத்த கோப்பைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"இருபத்திநாலு வயசுல இதே டெஸ்ட் எடுத்திருக்கீங்க. அப்பவும் ஆறுதான்! எல்லாருக்கும் ஞாபகசக்தி ஒரே மாதிரி இருக்காது சார். உங்களோடது அப்பவே அவ்வளவுதான். குறையவே இல்லை. தைரியமா வீட்டுக்குப் போங்க."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாதக்கணக்கில் அடக்கிவைத்த அழுகை.

எனக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. அந்த நாள் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. சீசன் தொடங்கும் முன் எல்லோருக்கும் அந்தச் சோதனை உண்டு. நடுவில் தலையில் அடிபட்டால் மறுபடி அதே சோதனை வைப்பார்கள். முதல் மார்க்கைவிடக் குறைந்தால் மூன்று வாரம் வெளியே உட்கார வேண்டியதுதான், அதற்குள் நம் இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்துவிடுவான். "டேய், எல்லாத்தையும் கொட்டிடாத" என்று காதைக் கடித்தவர் பூட்டுதான். "பாதிய மட்டும் சொல்லு. அப்புறம் அடிபட்டாலும் அந்தப் பாதி எப்படியும் வந்துரும்." அணியில் பாதிப்பேர் அப்படித்தான் செய்தோம். எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று சிரித்தோம். அதை வைத்து நான்கு முறை அடிபட்ட தலையோடு மைதானத்துக்குத் திரும்பினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

எழுந்து வெளியே நடந்தேன். சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. பயம், வேறென்ன.

கார் அருகே வந்ததும் மனைவி கைப்பையைத் திறந்து சாவியை நீட்டினாள். அழுத கண்ணோடு சிரித்தாள்.

"இந்தாங்க. இத்தனை நாளா உங்களைப் போட்டுப் படுத்திட்டேன். இன்னிக்கு நீங்களே போய்ப் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. அப்பா கார்ல வந்தா குதிப்பா."

வாங்கிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்லிக்கொடுத்தவரே ஸ்பூனுக்கு வாயைத் திறந்துகொண்டிருக்கிறார். இவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! கதவைத் திறந்தேன். பின் சீட்டில் மகளுடைய தண்ணீர் பாட்டில் கிடந்தது.

சாவியை அவள் கையிலேயே வைத்து மூடினேன்.

"என்னங்க?"

"உள்ளே போகலாம் வா. டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அதான் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்களே!" இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அந்தப் பழைய டெஸ்ட்ல நான் வேணும்னே ஆறு சொன்னேன்" என்றேன். "அன்னிக்கு எனக்குப் பன்னிரண்டும் தெரியும்."