நெஞ்சுக்குள் எவர்சில்வர்

ஆன்றோ விசையைத் தட்டியதும் கிரேன் நுனியில் தொங்கிய வட்டக் காந்தம் இரும்புக் குவியலின் மேல் இறங்கியது. கப்பலில் வந்து சேர்ந்த ஓட்டை உடைசல், அச்சு முறிந்த சக்கரம், துருப்பிடித்த நங்கூரச் சங்கிலி எல்லாம் ஓடிப்போய் அதில் ஒட்டிக்கொண்டன. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் உள்ள அந்தப் பழைய இரும்புக் கிடங்கில் ஆன்றோவுக்கு இதுதான் வேலை. காந்தத்தின் பலம் என்னவென்று அவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவனுடைய பயமும் அங்கேதான் பிறந்தது.

அவன் மகள் டயானா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. நாலு வயதில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து, பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டி அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் பெண் பிள்ளையாயிற்றே, நாளைக்கு ஒருவன் கேட்டு வர வேண்டாமா? ஆன்றோவும் அவன் மனைவி பிளாரன்ஸும் நெஞ்சில் இருந்த நீளத் தழும்புக்கு ஒரு கதை கட்டினார்கள். சுடுகஞ்சி கொட்டிவிட்டதாம். கஞ்சி என்ன, அளவுகோல் வைத்தா நேராகக் கொட்டும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அந்தக் கதையைத் தெருவும் நம்பியதாகக் காட்டிக்கொண்டது.

இப்போது நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. சிறு வயதில் ஆபரேஷன் ஆன இதயம் வளர வளர எப்படி மாறுகிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படம் எடுத்துப் பார்ப்பார்கள். வழக்கமாக எடுக்கும் எக்கோவில் வலப்பக்க அறை தெளிவாகப் பிடிபடாது. இதில் அறையின் அளவு, வால்வின் கசிவு எல்லாம் துல்லியமாகத் தெரிந்துவிடும். ஆராய்ச்சிக் குழுவில் இருந்த சாயர்புரத்துப் பெண் ரேச்சல் பலமுறை போன் செய்தாள். அவள் அதை விளக்கும்போது "பெரிய காந்தம்" என்றொரு வார்த்தை சொன்னாள். ஆன்றோவுக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒருதரம் பரீட்சை என்றான், ஒருதரம் பனிமய மாதா திருவிழா என்றான், ஒருதரம் போனையே எடுக்கவில்லை. உண்மையான காரணத்தைப் பெற்ற மகளிடம்கூடச் சொல்லவில்லை.

டயானா கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்ச வரியை நீட்ட முடியாமல் பாதியில் நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், "யப்பா, எனக்கு மூச்சு பத்த மாட்டேங்கு. ஸ்கேன் எடுக்கணும். நீங்க வந்து கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா இனி நான் பாட மாட்டேன்" என்றாள்.

அவள் பாடாத வீட்டை ஆன்றோவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கூட்டிக்கொண்டு போனான். கையெழுத்துப் போடும் நேரத்தில் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, ஏதாவது சந்தேகமா?" என்றாள் ரேச்சல்.

"ஒண்ணுமில்ல" என்று தொடங்கியவன் சட்டென்று உடைந்தான். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் எழும்பியது. "எம் மவ நெஞ்செலும்பு பூரா இரும்புக் கம்பிம்மா! நான் தெனமும் காந்தத்துல டன் கணக்குல இரும்பத் தூக்குதேன். என் கண்ணு முன்னால எம்புள்ள நெஞ்சப் பிச்சு எடுத்துரும்லா?"

டயானா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரேச்சல் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, உங்க காந்தம் எவர்சில்வர் பாத்திரத்தத் தூக்குமா?"

"நல்ல எவர்சில்வர் ஒட்டாது. கீழயே கெடக்கும். அத ஆளு வச்சுத்தான் பொறுக்கணும்."

"டயானா நெஞ்சுல இருக்கதும் அந்த மாதிரி எவர்சில்வர் ரகந்தான். ஆபரேஷன் செஞ்ச எடத்துல கேட்டு, இந்த ஸ்கேனுக்கு ஒத்துக்கிடுமான்னு உறுதி பண்ணிட்டுத்தான் உங்களக் கூப்பிட்டோம். உடம்புக்குள்ள என்ன வச்சிருக்குன்னு சொல்லாம மறைச்சிட்டு வாரவங்களுக்குத்தான் அண்ணாச்சி ஆபத்து."

ஆன்றோ தலையில் அடித்துக்கொண்டான். அவன் கையாளே தினமும் பொறுக்கிப் போடுகிற சமாசாரம்! யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்காது. கேட்க வேண்டுமென்றால் ஆபரேஷனைச் சொல்ல வேண்டும். மடியில் கனம் இருந்ததால் வழியெல்லாம் பயம். வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்து அவன் கண்ணை நனைத்தன.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆன்றோ அண்ணே, அப்ப சுடுகஞ்சி இல்லியா?"

அவர்கள் தெருவில் இருக்கும் கிரேசி. இடுப்பில் அவளுடைய இரண்டு வயது மகள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆன்றோவுக்கு முகம் வெளிறியது. பிறகு குழந்தையைப் பார்த்தான். "நீ மட்டும் என்னளா? புள்ளைக்கு ஏன் ஒதடு நீலமாருக்குன்னு கேட்டா நாவப்பழம் தின்னுச்சும்ப. நாவப்பழம் ஆடி மாசத்துக் காயி. ஒம்புள்ளைக்கு மட்டும் மாசி மாசமும் காய்க்கா?"

கிரேசி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "ஒரே தெருவுல ரெண்டு வீடு. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உங்க காலடிக்கு ஓடி வந்திருப்பேன். எங்க போவ, யாரப் பாக்கன்னு தெரியாம ஒரு வருசம் வீணாப் போச்சு அண்ணே."

அந்தச் சொல் ஆன்றோவைச் சுட்டது. தன் வீட்டு மானத்தைக் காப்பதாக நினைத்து இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வழியையல்லவா அடைத்து வைத்திருந்தான்! கையெழுத்துப் போட்டான்.

எந்திரம் உள்ளே டமடமவென்று சத்தம் போட்டது. "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்ற குரலுக்கு டயானா அடங்கிக் கிடந்தாள். வெளியே வந்தவள், "பாட்டு வாத்தியாரவிட மோசம்பா" என்று சிரித்தாள். வால்வு கசிகிறது, வலது அறை கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, ஆனால் இப்போதைக்கு மருந்தும் கவனிப்பும் போதும், அடுத்த வருடம் மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம், வால்வு மாற்ற வேண்டிய வேளை வந்தால் தாமதமாகாமல் தெரிந்துவிடும் என்றார் டாக்டர். இதமாகப் பாடலாம் என்றும் சொன்னார். கிரேசியின் குழந்தைக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பக்கத்து வீட்டுக்காரி வழிமறித்தாள். "என்ன பிளாரன்ஸ், உங்க வீட்டுக்காரரையும் மவளையும் ஆஸ்பத்திரில பாத்ததாச் சொல்லுதாவளே?"

பிளாரன்ஸ் பழக்க தோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆன்றோ அவளை முந்திக்கொண்டான். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னான்.

"எம் மவளுக்கு நாலு வயசுல இருதய ஆபரேஷன். இப்ப நல்லா இருக்கா. உங்க வீட்டுல புள்ளைக்கு மூச்சு வாங்கினா, ஒதடு நீலமானா எங்கிட்ட வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். நோய ஊருக்குத் தெரியாம மறைச்சு வச்சோம்னா, மருந்துக்கும் நம்ம வீடு தெரியாமப் போயிரும்."