மொய்யாக வந்த பச்சை

எங்கள் ஏலக்காய் மண்டியின் முகப்பு பச்சையாக இருந்த கதையைச் சொன்னால் உங்களுக்கும் ஆத்திரம் வரும். எனக்கு இன்னும் அடங்கவில்லை.

போடியில் மண்டித் தெருவின் மேற்கு வரிசையில் எங்கள் கடை. நேர் எதிரே சீனிச்சாமி மாமாவின் மண்டி. இரண்டும் ஜமீன் காலத்துக் கட்டடங்கள். நெற்றியில் சுதைக் கிளிகள் உட்கார்ந்திருக்கும். எனக்குக் கல்யாணமான வருசம் மாமா மொய் எழுதவில்லை. "பணமாக் குடுத்தாச் செலவழிச்சிருவீக. கடை முகப்புக்கு வர்ணம் அடிச்சுத் தர்றேன்" என்றார். பளபளவென்று பச்சை எனாமல் அடித்துத் தந்தார். கையோடு தன் கடைக்குக் காவி அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் அவர் செலவிலேயே எங்கள் சுவருக்குப் பச்சை. இப்படி ஒரு மனுசன் உண்டா என்று தெருவே பேசியது. நானும்தான் பேசினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

எண்பத்தொன்றாம் வருச மார்கழியில் குரங்கணி சுருளிவேல் கடைக்குள் வந்து குதித்தான். எங்களுக்கு வரும் மூட்டைகளில் பாதிக்கு மேல் அவன் ஊர்க்காரர்களுடையவை. அவன் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

"ஒச்சம்மாக்கா, கணக்க முடிச்சிரு. பொங்கலோட நாங்க எல்லாரும் எதிர்க்கடைக்குப் போறோம்."

"என்ன அப்பு, என்ன ஆச்சு?"

"நேத்து மத்தியானம் உன் கடையில வெளுத்த காய்னு ஒதுக்குனாய்ங்கள்ல, அதே மூட்டை. இன்னைக்குக் காலையில மாமா கடையில தட்டுல கொட்டுனேன். அதே வியாபாரிக. நல்ல பச்சைன்னு போட்டி போட்டு வாங்கிட்டாய்ங்க. உன் கடை ராசியே சரியில்லக்கா. இது தெரியாம எம் பொண்டாட்டி கருத்தம்மாவைப் போட்டு வருசா வருசம் வஞ்சுக்கிட்டிருந்தேன், ஒணத்துற ஸ்டோர்ல சூட்டை ஏத்திக் காயைக் கெடுத்துப்புட்டான்னு."

"கருத்தம்மாகிட்ட இதைச் சொன்னியா?"

"எதுக்கு? தலைக்கு மேல ஏறி உக்காந்துக்கிருவா."

வந்ததே எனக்குக் கோபம்! ஆனால் அவனை ஏசி என்ன பயன்? குரங்கணி மூட்டைகள் தெருவைத் தாண்டினால் நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான். "பொங்கல் வரைக்கும் பொறு" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்பினேன்.

அதே மூட்டை, அதே ஆட்கள். நடுவில் இருப்பது ஒரு தெரு. ராசியாவது மண்ணாவது!

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். காய் பார்ப்பது நிழலில்தான். காலை வெயில் எங்கள் முகப்பில் அடிக்கும் என்பதால் வியாபாரிகள் முதலில் எதிர்வரிசைக் கடைகளில் பார்ப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் வெயில் அந்தப் பக்கம் திரும்பியதும் எங்களிடம் வருவார்கள். அன்று மத்தியானம் ஒரு தட்டில் காயைக் கொட்டி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். எதிரே காவிச் சுவர் வெயிலில் கனன்றது. தட்டின் மேல் நீட்டிய என் கை செம்மண்ணில் முக்கி எடுத்தது மாதிரி இருந்தது. காய் பழுப்படித்துக் கிடந்தது.

மறுநாள் காலையில் வெற்றிலை கேட்கிற சாக்கில் மாமா கடைக்குப் போனேன். தட்டுக் காய் பச்சைப் பசேலென்று இருந்தது. மாமாவின் வெள்ளை வேட்டியும் பாசி பிடித்தது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். எதிரே, வெயிலை வாங்கி அவர் தட்டுக்குப் பச்சையை வீசிக்கொண்டு நின்றது என் சுவர்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

அந்த வாரமே பொங்கல் வர்ணம் அடிக்கப் பெயிண்டர் பச்சை டப்பாவோடு வந்தார். திருப்பி அனுப்பினேன். மாமா தெருவைத் தாண்டி வந்தார்.

"என்னாத்தா, டப்பாவத் திருப்பிட்டியாம்?"

"இந்த வருசம் வேணாம் மாமா. வெள்ளை அடிக்கப் போறேன்."

சிரித்தார். "அது முடியாதே தாயி. கமிட்டி இருக்குல்ல?"

கமிட்டி இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு வாட்ச் கடைக்காரர் சுதைக் கிளிகளை மறைத்துத் தகர போர்டு மாட்டினார். தூணுக்கு ஊதா அடிக்கவும் கிளம்பினார். அப்போது மாமாதான் தெருவைக் கூட்டிக் கமிட்டி போட்டார். பழைய கட்டடத்தில் போர்டு மாற்றினாலும் வர்ணம் மாற்றினாலும் கமிட்டி வந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டும். போர்டைக் கழற்ற வைத்தார்கள். மாமா பேனாக்கத்தியால் அந்தத் தூணைச் சுரண்டிக் காட்டி, "அடியில என்ன இருக்கோ அதுதான் பழசு. மேல இருக்கறதெல்லாம் நேத்து வந்தது" என்றார். நான் கைதட்டினேன்.

என் புருசன் அமாவாசை குரங்கணிக்கும் போடிக்கும் ஜீப்பில் லோடு அடிப்பவர். வம்பு என்றால் வண்டியைக் கிளப்பிவிடுவார். "எதுக்குடி இது? அவரு நமக்கு வேண்டியவரு" என்றார்.

"நாம எங்க வேணும் அவருக்கு? நம்ம செவருதான் வேணும்" என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கமிட்டி வந்தது. தலைவர் எண்ணெய்க்கடை ஜக்கையன் அண்ணன். யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டார். அதனால் அவரைப் பலருக்குப் பிடிக்காது. மாமா முந்திக்கொண்டார்.

"பச்சைதான் இந்தத் தெருவுக்கே அடையாளம். கைக்காசைப் போட்டுக் காப்பாத்திக்கிட்டு வர்றேன். இந்தப் புள்ள அழிக்கணும்னு நிக்கிது."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்றேன். "மாமா, வாட்ச் கடைத் தூணைச் சுரண்டுன கத்தி எங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமா பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கொண்டுவரவில்லை என்றார். சாக்குத் தைக்கிற கோணூசியை ஜக்கையன் அண்ணனிடம் நீட்டினேன். அவர் சுரண்டினார். பச்சைக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் பச்சை. பொங்கலுக்கு ஒன்றாக அத்தனையும் உதிர்ந்த பிறகு, வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு தெரிந்தது.

"வெள்ளைதான் பழசு. அடிச்சுக்க தங்கச்சி" என்றார்.

எனக்குப் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தது. "அண்ணே, அங்கிட்டும் ஒரு கீறல் போடுங்க."

"எஞ் செவத்துல இவளுக்கு என்ன சோலி?" என்று மாமா கத்தினார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

கடையில் கிடந்த சுருளிவேலின் இன்னொரு மூட்டையிலிருந்து ஒரு தட்டுக் காயை எடுத்துக் கமிட்டிக்கு முன்னால் வைத்தேன். "எப்பிடி இருக்கு?"

"வெளுத்த காய்" என்றார்கள்.

அதே தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்களைக் கொல்லைப்புறத் திறந்தவெளிக்குக் கூட்டிப்போனேன். அங்கே காவியும் இல்லை, பச்சையும் இல்லை. "இப்பப் பாருங்க."

ஜக்கையன் அண்ணன் ஒரு காயை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். நல்ல பச்சை. தட்டை மறுபடி முன்கடைக்குக் கொண்டுவரச் சொன்னார். பழுப்பு. எதிர்ச் சுவரைப் பார்த்தார். எங்கள் சுவரைப் பார்த்தார். பிறகு கோணூசியோடு விறுவிறுவென்று தெருவைத் தாண்டினார். காவிக்கு அடியிலும் சுண்ணாம்புதான்.

"பொம்பள பேச்சைக் கேட்டுக்கிட்டு எஞ் செவத்துல கை வைக்கிறீகளா?" என்று மாமா குதித்தார்.

"பேச்சைக் கேக்கல சீனிச்சாமி. நீ போட்ட ரூலைத்தான் கேக்குறேன். அடியில இருக்கறதுதான் பழசு. பொங்கலுக்குள்ள ரெண்டு பேரும் வெள்ளை அடிங்க."

யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டது. அந்த வருசப் பொங்கலுக்கு என் சுவருக்கு என் காசில் சுண்ணாம்பு அடித்தேன். எதிரே பெயிண்டர் காவியைச் சுரண்டச் சுரண்ட, நான் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சுருளிவேலுக்கு ஆள் மேல் ஆள் விட்டேன். "பொங்கல் கழிச்சு ஒரே ஒரு தடவை மூட்டையக் கொண்டா. கூடக் கருத்தம்மாவையும் கூட்டிக்கிட்டு வா. அவ வராட்டி உன் மூட்டைய எறக்க மாட்டேன்."

வந்தார்கள். கருத்தம்மா அதுவரை மண்டிக்கே வந்ததில்லை. தூணோரமாக ஒதுங்கி நின்றாள். மத்தியான நிழலில் வியாபாரிகள் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் காயைக் கையில் அள்ளி, "பலே! என்னா பச்சை! இந்த வருசம் யாரு ஒணத்துனது?" என்றார். விலை ஏறிக்கொண்டே போனது.

கருத்தம்மா மெதுவாக என் பக்கம் வந்தாள். "அக்கா, இது எங்க மூட்டைதானா?"

"உன் மூட்டைதான்டி. எப்பவும் இதே பச்சைதான். செவரு பண்ணுன வேலைக்கு நீ பேச்சு வாங்கியிருக்க."

அவள் புருசன் பக்கம் திரும்பினாள். "கேட்டியா?"

சுருளிவேல் தலையைச் சொறிந்தான். "கேட்டேன்."

"என்ன கேட்ட? சத்தமாச் சொல்லு."

வியாபாரிகள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். "நீ சரியாத்தான் ஒணத்தியிருக்க. எந்த வருசமும் காய் வெளுக்கல" என்றான்.

அவள் கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பும்போது நேராகப் போய் ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அது எப்போதும் சுருளிவேல் உட்காருகிற இடம். அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பின்னால் போய்க் காலிச் சாக்குகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டான்.