பூங்கோதை சொன்ன சட்டம்

சதாசிவம் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இடுப்பில் துவாயை இறுக்கிக் கட்டியபோதே சுந்தரி கதவடிக்கு நகர்ந்துவிட்டாள். செம்பில் நல்லெண்ணெய், கிண்ணத்தில் கரைத்த அரப்பு, மடிப்புக் குலையாத பட்டு வேட்டி எல்லாம் தயார். கதவுக்கு அந்தப் பக்கம், பிரேதம் வைக்கும் மலர்ச்சாலையின் கழுவும் அறையில், அவளுடைய கணவர் சோதிலிங்கம் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்துக் கிடந்தார். நாற்பத்துநாலு வயது. தம்பியைக் கடைசியாகக் குளிப்பாட்டுவது தமையனின் உரிமை. அதை எந்த வாயால் மறுப்பது?

"நீர் உதிலை இரும் பிள்ளை. ஆம்பிளையள் நாங்கள் பாத்துக்கொள்ளுவம். ஐயர் பதினொண்டுக்கு வந்திடுவார்," என்றார் சதாசிவம். கூடக் குளிப்பாட்ட வந்த இரண்டு பேர் கார் நிறுத்தப் போயிருந்தார்கள்.

அந்தத் துணிக்குக் கீழே இருப்பது ஆஸ்பத்திரிக்காரருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். வேறு ஒரு குருவிக்கும் தெரியாது. எட்டு வருடத்துக்கு முன், பிள்ளை இல்லையென்று போய்க் காட்டியபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று, வை ஒன்று. இவருக்கு எக்ஸ் ஒன்று கூட. பிறக்கும்போதே அப்படித்தான், அறுநூறு ஆண்களில் ஒருவருக்கு இருக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார் வைத்தியர். நெஞ்சு பெண்களுக்குப் போல வளர்ந்திருந்ததும் அதனால்தானாம். அன்று காருக்குள் வந்து இருந்து, சாவியைப் போடாமலே, "ஆருக்கும் தெரியவரக்கூடாது சுந்தரி," என்றார் சோதிலிங்கம். "வராது," என்றாள் அவள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாளே, பாவி! கிளென்ஃபீல்டில் சதாசிவத்தின் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், "இவளைக் கட்டி என் தம்பி என்னத்தைக் கண்டான்," என்று அவள் காதுபட அவர் சொன்னபோதும் சோற்றைப் பிசைந்துகொண்டுதான் இருந்தாள். இப்போது அந்தக் கதவைத் திறந்துவிட்டால் போதும், மலடி என்ற பழி அவள் தலையிலிருந்து இறங்கிவிடும். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

நெஞ்சை மறைத்துவிடலாம், நித்திரையை எப்படி மறைப்பது? கல்யாணமான நாளிலிருந்தே சோதிலிங்கம் ஒழுங்காகத் தூங்கியவரல்ல. குறட்டை திடீரென்று நின்றுபோகும். மூச்சும் நின்றுபோகும். சுந்தரி படுத்தபடியே எண்ணுவாள். பத்து, பதினைந்து, ஒருநாள் முப்பத்திரண்டு வரை போனது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர் போல விக்கி எழும்புவார். பகலில் வேலைசெய்யும் எல்லர்ஸ்லி கந்தோரில் மேசையிலேயே கண் சொருகும். மனுகாவில் சாமான் வாங்கி வரும்போது சிவப்பு விளக்கில் நிறுத்திய காரில் தூங்கிப்போய், பின்னால் ஹோர்ன் அடித்து எழுப்பியிருக்கிறார்கள். இந்த உடல்வாகு உள்ள ஆண்கள் கனபேருக்கு நித்திரை இப்படித்தான் உடையும், ஒரு இரவு வந்து படுங்கள், வயர் ஒட்டிப் பார்ப்போம் என்றது ஆஸ்பத்திரி.

கடிதமும் வந்தது. அடியில் சோதனை செய்பவரின் கையெழுத்து: பூங்கோதை பழனிசாமி.

"தமிழ்ப் பெட்டையெல்லோ!" சோதிலிங்கம் கடிதத்தை மேசையில் குப்புற வைத்தார். "வெள்ளைக்காரி எண்டால் பரவாயில்லை, நாளைக்கு என்னை ரோட்டிலை கண்டாலும் தெரியாது. இவள் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வாறவள். நெஞ்சிலை வயர் ஒட்டுவாளாம். நான் சட்டையைக் கழட்டிக்கொண்டு இருக்கிறதோ? நீர் அடிச்சுச் சொல்லும், வரேல்லை எண்டு."

சுந்தரிதான் போன் எடுத்து வரவில்லையென்று சொன்னாள். மறுவாரம் அந்தப் பூங்கோதையே கூப்பிட்டாள். "சார் ஏங்க வரலை? அவர் ரிப்போர்ட்டப் பாத்தேன். தள்ளிப்போடாதீங்க, சீக்கிரமா ஒரு தேதி போட்டுத் தர்றேன்." ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கிறாள்! "இப்ப அவருக்குச் சுகம்," என்று போனை வைத்துவிட்டாள். அதோடு ஏழு வாரம் போனது. போன செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடியற்காலை வேலை. "நீர் மற்ற அறையிலை போய்ப் படும், நித்திரை கொள்ளும்," என்றார் அவர். அவள் நன்றாகத் தூங்கினாள். மூச்சை எண்ண அன்று ஆளில்லை.

"என்ன பிள்ளை, வழியை மறிச்சுக்கொண்டு நிக்கிறீர்? தள்ளும்," என்றார் சதாசிவம்.

தன்னையறியாமல் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். "அத்தான், ஏலாது," என்றாள். "இது கொரனர் கேஸ், மரண விசாரணை. அறுத்துத் தைச்சுத் தந்தது. அப்பிடியான உடம்பை... பெண்சாதி மட்டும்தான் குளிப்பாட்டலாமாம். இஞ்சத்தைச் சட்டம்."

சட்டம் என்றதும் சதாசிவத்தின் கை எண்ணெய்ச் செம்பிலேயே நின்றது. விசாவுக்கு நாலு வருடம் தவம் கிடந்த மனிதர். இந்த நாட்டில் மரக்கிளை வெட்டுவதற்கும் சட்டம் பார்ப்பவர். ஆனாலும் தம்பி அல்லவா?

"ஆர் சொன்னது? நான் ஒப்பீசிலை இருக்கிற வெள்ளைக்காரியிட்டையே கேக்கிறன்."

ஒப்பீசுப் பக்கம் திரும்பியவர் நடுவழியில் நின்றார். வாசலில் சாம்பல் நிறச் சேலையில் ஒரு பெண் மாலையோடு வந்துகொண்டிருந்தாள். பூசையில் பார்த்த முகம். யாரைக் கண்டு ஓடினார்களோ அவளே நேரில் வந்து நிற்கிறாள். கடவுளே, இவள் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு!

"தங்கச்சி, நீர் ஆஸ்பத்திரியிலை வேலையெல்லோ?" சதாசிவம் துவாயோடே எதிரே போனார். "கொரனர் அறுத்த உடம்பைக் கூடப்பிறந்தவன் குளிப்பாட்டக்கூடாதெண்டு சட்டம் இருக்கோ? மனுசி மட்டும்தானாம். சொல்லும் பாப்பம்."

பூங்கோதை சுந்தரியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அரப்புக் கிண்ணத்தைப் பார்த்தாள். சுந்தரிக்கு ஓடிப்போய் அவள் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

"ஆமாங்க," என்றாள் பூங்கோதை. "இருக்குது. சம்சாரம் மட்டும்தான். தூக்கிப் பிடிக்க ஆஸ்பத்திரி ஸ்டாஃப் ஒருத்தர் கூட இருக்கலாம். நான் போறேன்."

கண்கூட இமைக்கவில்லை. சதாசிவம் கதவடிக்குத் திரும்பி வந்தார். பிறகு செம்பையும் கிண்ணத்தையும் சுந்தரியின் கையில் கொடுத்தார். "வடிவாய்த் தலையிலை வையும் பிள்ளை. சின்னனிலை அவனுக்கு எண்ணெய் வைச்சது நான்தான்," என்றார். சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவரிடமிருந்து எதைப் பறித்துவிட்டாள் என்று சுந்தரிக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே வந்து பூங்கோதை கதவைத் தாழிட்டாள். சேலைத் தலைப்பைச் செருகினாள். வாளித் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்தாள். சுந்தரி அரப்பைத் தலையில் வைத்துத் தேய்த்தாள். தலை குளிர்ந்து, கனமாக இருந்தது.

"இன்னும் அவருக்கு ஆஸ்பத்திரிச் சட்டை போட்டிருக்கு," என்றாள் சுந்தரி.

"இருக்கட்டுங்க. கழட்ட வேண்டாம்."

வெள்ளைத் துணியைக் கழுத்தடியில் ஒரு விரல் அளவு தளர்த்தி, நனைத்த துணியோடு கையை உள்ளே விட்டாள். பார்க்கவே இல்லை. கண் எதிர்ச் சுவரில் இருந்தது. கை மட்டும் சட்டைக்குள் போய், இந்தத் தோள், அந்தத் தோள், நெஞ்சின் நடு, விலா என்று தடவித் தடவி இடம் கண்டு நகர்ந்தது. எத்தனையோ நூறு பேருக்கு அப்படியே வயர் ஒட்டிப் பழகிய கை. துணி ஒரு இடத்திலும் விலகவில்லை.

சுந்தரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக இருந்த பயம் விட்டுப்போய், அதைவிடப் பெரிய பயம் ஒன்று காலிலிருந்து ஏறி வந்தது. கேட்காதே என்று மனம் கத்தியது. கேட்டுவிட்டாள்.

"அங்கை... அந்த நித்திரைச் சோதனைக்கு... சட்டை கழட்டவேணுமோ?"

துணிக்குக் கீழே பூங்கோதையின் கை நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

"ஆமாங்க," என்றாள். "கழட்டித்தான் ஆகணும். அங்க அது சட்டம்."

சற்றுமுன் சதாசிவத்துக்குச் சொன்ன அதே குரல். கண்ணும் அப்படியே இமைக்கவில்லை.

கதவுக்கு வெளியே சதாசிவம் யாரிடமோ மணி கேட்டார். பூங்கோதை துணியை வாளியில் அலசிப் பிழிந்து அவளிடம் நீட்டினாள்.

"நெஞ்சுப் பக்கம் நீங்க தொடைங்க," என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொண்டு நின்றாள்.