சத்தமாகப் படியுங்கள்

ஷைஜுவின் போன் வந்தபோது வினோ, புரொஜெக்டரைப் போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சர்ச் படி ஏறிக்கொண்டிருந்தான். "மரம் விழுந்து ரோடு அடைச்சுக் கெடக்குண்ணே. வெட்டி எடுக்க மத்தியானம் ஆயிரும் போல. நீங்க ஆரம்பிச்சிருங்க" என்றான் ஷைஜு. ஆரம்பிப்பதற்கே ஷைஜுதான் வேண்டும். வாலிபர் கூடுகை என்றால் மைக் அவன் கையில்தான் இருக்கும். அவன் பேசப் பேச, திரையில் விளையாட்டுகள் ஒவ்வொன்றாக வரும். அந்த விளையாட்டுகளைத் தயாரித்து ஓட்டுகிறவள் வினோவின் தங்கை எப்சிபா. அது பாதிப் பேருக்குத் தெரியாது. அவள் லேப்டாப்புக்குப் பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

வருடா வருடம் கூடுகை கீழே டவுன் சர்ச்சில்தான் நடக்கும். தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் ஜீப்பில் நெருக்கியடித்துப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரியாணி தின்றுவிட்டு வருவார்கள். இந்த வருடம் ஆயர் கூட்டங்களில் வாதாடி அதை மலைமேல் கொண்டுவந்திருந்தார். "அங்க கரண்டு இருக்குமா?" என்று டவுன் சபையில் ஒருவர் கேட்டதை வினோ தன் காதாலேயே கேட்டிருந்தான். அதனால்தான் வெள்ளைத் திரையை முந்தின நாளே இரண்டு முறை துவைத்துக் காயப்போட்டான். இஸ்திரியும் அவனே போட்டான்.

ஆயர் விஷயத்தைக் கேட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஹால் நிறைந்திருந்தது. மரம் விழுமுன்பே வந்துசேர்ந்த டவுன் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். "எப்சிபா, நீயே நடத்திருவியாம்மா?" என்றார் ஆயர். அவள் நிமிர்ந்து, "நா… நா…" என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"அவ வரலைன்னு சொல்லுதா ஐயா. நான் பாத்துக்கிடுதேன்" என்றான் வினோ.

அது அவனுக்குப் பழகிப்போன காரியம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர் கேட்டால் அவன் சொல்வான். கல்லூரியில் சேர்த்தபோது ஆபீசில் கேட்ட கேள்விக்கெல்லாம் அவனே பதில் சொன்னான். அவள் வாயில் சிக்கி நிற்கும் சொல்லை எடுத்து வெளியே வைப்பதுதான் அண்ணனுடைய வேலை என்று நம்பினான். அவள் சொல்ல வந்தது வேறு என்று பிறகு தெரிந்தாலும், அதுவும் கிட்டத்தட்ட இதுதானே என்று இருந்துவிடுவான். வீட்டில் யாரும் அந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் வைத்ததில்லை. 'பிள்ளைக்குக் கொஞ்சம் கூச்சம்' என்பாள் அம்மா.

எப்சிபா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வினோ மைக்கைப் பிடித்தான். ஜீப்பில் பத்துப் பேரைச் சிரிக்கவைத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏற்றுகிறவனுக்கு இங்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. "எடது பக்கம் ஒரு படம் வரும்… வலது பக்கம் ஒண்ணு வரும்… பிடிச்சவங்க… இல்ல, பிடிக்காதவங்க…" முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். சிரிப்பு பரவியது. ஆனால் எல்லாருடைய கண்ணும் அவனுக்குப் பின்னால் பார்ப்பதை உணர்ந்து திரும்பினான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

'வினோ அண்ணன் தயவுசெய்து உட்காரவும்.'

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. வினோவுக்குக் காது வரை சுட்டது. அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பார்வை கீபோர்டை விட்டு நகரவில்லை. உதட்டைக் கடித்திருந்தாள், விரல் மட்டும் நிற்கவில்லை. அவன் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். இவளுக்கு என்ன கொழுப்பு என்று நினைத்தான். இத்தனை பேர் முன்னால் தனியாக என்ன செய்யப்போகிறாள் என்ற பயம் உடனே வந்தது. பாதி எழுந்தான். அதற்குள் திரை மாறிவிட்டது.

'திரையில் வருவதை எல்லாரும் சத்தமாகப் படியுங்கள்.'

நான்கைந்து பேர் முணுமுணுத்தார்கள். அதே வரி இன்னும் பெரிய எழுத்தில் வந்தது, கீழே மலையாளத்திலும். மலையாளம் மட்டுமே படித்து, தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் அதைப் பார்த்ததும் நிமிர்ந்தார்கள். இந்த முறை பாதி ஹால் படித்தது. அடுத்த வரி வந்தது. இப்போது எல்லாக் குரல்களும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன:

"என் பெயர் எப்சிபா. எனக்குப் பேச்சு திக்கும்."

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவர்களுக்கு உறைத்தது போல. வினோ பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத சொல்லை இத்தனை தொண்டைகள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டன. கூரை இடிந்து விழவில்லை. அவள் அடுத்த வரியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அதனால் இன்று பேசப்போவது நீங்கள்தான். தயாரா?"

"தயார்!" என்று அவர்களாகவே கத்தினார்கள். திரையில் அது இல்லை.

அதற்குப் பிறகு வினோவுக்கு எதையும் முழுசாகப் பார்க்க நேரமில்லை. இடது பக்கம் பால் டீ, வலது பக்கம் பால் இல்லாத கட்டன் டீ என்று படம் வந்ததும் மொத்த ஹாலும் இடது பக்கம் ஓடியது. கட்டன் பக்கம் ஆயர் மட்டும் மாட்டிக்கொண்டார். 'ஐயாவுக்குப் பால் வாங்கிக் கொடுக்கவும்' என்று எழுத்து வந்தது. அதைப் படிக்க முடியாமல் பிள்ளைகள் சிரிப்பில் குலுங்கினார்கள். அடுத்த விளையாட்டில் பச்சை வந்தால் குதிக்க வேண்டும், சிவப்பு வந்தால் சிலையாக நிற்க வேண்டும். அவள் சிவப்பு நிறத்துக்குப் பதில் ஒரு தக்காளியைக் காட்டி, அதுவும் சிவப்புதான் என்று யோசிக்காமல் குதித்த டவுன் கூட்டத்தை மொத்தமாக அவுட்டாக்கினாள். யார் எங்கே தடுமாறுவார்கள், எப்போது வேகம் கூட்ட வேண்டும், எப்போது காத்திருக்கவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசி பெஞ்ச் என்று ஒன்று அங்கே இல்லாமலே போயிருந்தது. வினோ பக்கத்தில் நின்றவரிடம், அவர் கேட்காமலே, "என் தங்கச்சி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் நின்றவரிடமும் சொன்னான்.

டவுன் சபையிலிருந்து வந்த பின்சி என்ற பெண் மூச்சு வாங்க அவனிடம் வந்தாள். "நீங்கதானே அந்த 'உட்காரவும்' அண்ணன்?" என்று சிரித்தாள். "எங்க சர்ச்சுலயும் இது வேணும். கிறிஸ்மஸுக்கு அவங்க வருவாங்களா?"

"வரு…" என்று தொடங்கிய வினோ வாயை மூடிக்கொண்டான். "எனக்குத் தெரியாதும்மா. அவகிட்டயே கேளு. கேட்டுட்டுக் கொஞ்சம் நில்லு, சொல்லுவா."

வெளியே ஹாரன் கேட்டது. ஷைஜுவின் வண்டி வந்துவிட்டது. அவனுக்கு வழிவிட வினோ வெளியே போய்த் தன் ஜீப்பைப் பின்னால் எடுத்தான். ஷைஜு சேறு அப்பிய செருப்போடு குதித்து இறங்கி, "நாசமாப் போச்சாண்ணே? மைக்ல யாரு?" என்றான்.

"மைக்ல யாரும் இல்ல."

"அப்புறம் யாரு பேசுறா?"

"எப்சிபா" என்றான் வினோ.

ஷைஜு புரியாமல் அவனைப் பார்த்தான். பிறகு படியேறி ஓடினான். உள்ளே திரையில் புதிதாக ஏதோ விழுந்திருக்க வேண்டும். மொத்த ஹாலும் ஒரே குரலில் படிக்கும் சத்தம் ஜன்னல் வழியாகப் பாய்ந்து வந்து தேயிலைச் சரிவில் இறங்கியது. என்ன வார்த்தை என்று வெளியே தெளிவாகக் கேட்கவில்லை. வினோ ஜீப் கதவில் சாய்ந்து நின்றான். எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக முதுகை நிமிர்த்தி சர்ச் பக்கம் திரும்பினார்கள். அந்த வரிசையில் எங்கோ அம்மாவும் இருப்பாள். இவ்வளவு தூரத்திலிருந்து எந்த உருவம் அவள் என்று தெரியவில்லை. அவன் எல்லாருக்குமாகச் சேர்த்துக் கையை உயர்த்தி ஆட்டினான்.